கழுகுகள் காத்திருந்த தீவு

சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்தேன். முதல் வாய் வைப்பதற்குள் பத்தடி தள்ளி யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மஞ்சள் முகம். தலைக்குப் பின்னால் சிலிர்த்து நிற்கும் அழுக்கு வெள்ளைப் பிடரி. மெலிந்த அலகு, நுனியில் மட்டும் கறுப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும் பெரியவர் மாதிரி இரண்டடி எடுத்து வைத்தது. நின்றது. என் தட்டைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்த என் கணவர் பயந்துபோய், "என்னாச்சு, ஏதாவது கடிச்சிடுச்சா?" என்றார்.

"இல்லைங்க. இது எங்க ஊர்க் கழுகு" என்றேன்.

நான் பிறந்தது திருக்கழுக்குன்றம். ஊர்ப் பெயரிலேயே கழுகு இருக்கிறது. வேதகிரி மலை உச்சியில் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். பூசை செய்யும் தேசிகர் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வைப்பார். தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துவிடும். காசியில் குளித்துவிட்டு, இங்கே சாப்பிட்டுவிட்டு, ராமேஸ்வரத்துக்குப் போய்ப் படுக்கும் என்று ஆயா சொல்லுவாள். எட்டு வயதில் ஆயா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்நூற்றுச் சொச்சம் படியேறி நான் பார்த்திருக்கிறேன். 1990-களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோனது. மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடம்பு வழியாக இந்தியாவின் பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் வானம் காலியாகிவிட்டது. ஊரில் இன்றைக்கும் பாறை இருக்கிறது, படி இருக்கிறது, பெயர் இருக்கிறது.

அந்தப் பறவைக்குப் புத்தகத்தில் மஞ்சள்முகப் பாறு என்று பெயர். பாப்பாத்திக் கழுகு என்றும் சொல்வார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் கண்ணால் பார்க்காத அந்தப் பறவை, ஏமன் நாட்டுத் தீவு ஒன்றில், என் மீன் சோற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. ஒன்றல்ல. அதன் பின்னால் இன்னும் நாலு.

அந்தத் தீவின் பெயர் சொகோத்ரா.

வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் சோமாலியா முனையைப் பாருங்கள். அதற்கு நேர் கிழக்கே சுமார் 240 கிலோமீட்டரில் அரபிக்கடலுக்குள் ஒரு பொட்டு. கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் நீளம், அகலம் 40. ஆப்பிரிக்காவுக்குத்தான் அருகில், ஆனால் ஆட்சி ஏமன். கணவருக்கு அபுதாபியில் மூன்றாண்டு வேலை, நான் சிங்கப்பூரில் உயிரியல் ஆசிரியை வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு இருந்த காலம். அபுதாபியிலிருந்து தீவுக்கு நேரடி விமானம் இருந்தது. 2023 மார்ச் முதல் வாரம் போனோம். விசாவை உள்ளூர் பயண ஏற்பாட்டாளர்தான் வாங்கித் தர வேண்டும், தனியாகப் போய் இறங்க முடியாது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏமனின் நிலப்பகுதியில் 2014-இலிருந்து போர். நாங்கள் இருந்த எட்டு நாளும் தீவு அமைதியாகத்தான் இருந்தது. எங்களுடையது சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஏமனுக்குப் போவதை 2017-இல் இந்திய அரசு தடை செய்தது. அதனால் கிளம்புவதற்கு முன் அன்றைய நிலவரத்தை விசாரிக்காமல் யாரும் பெட்டி கட்டக் கூடாது.

சொகோத்ராவைப் பற்றி எங்கே படித்தாலும், எந்தக் காணொளியைப் பார்த்தாலும் ஒரே வார்த்தைதான்: வேற்றுக்கிரகம். பூமியிலேயே இல்லாத மாதிரி ஒரு இடம், விண்வெளியிலிருந்து வந்து விழுந்த மரங்கள். படம் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டு நாள் சுற்றிவிட்டு வந்த பிறகு சொல்கிறேன், அந்த வார்த்தையை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அங்கே நான் பார்த்ததெல்லாம் சொந்தங்கள். கல்யாணமாகித் தூரதேசம் போய், அந்த ஊர்த் தண்ணீருக்கும் காற்றுக்கும் உடம்பே மாறிப்போன அத்தையை நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? முதலில் அடையாளம் தெரியாது. பிறகு மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அப்படித்தான் இருந்தது எனக்கு, ஒவ்வொரு மரத்தையும் பார்த்தபோது.

அடினியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாலைவன ரோஜா என்று நர்சரியில் விற்பார்களே, அடி பெருத்து, மேலே நாலு குச்சி, குச்சி நுனியில் இளஞ்சிவப்புப் பூ. சென்னை மொட்டை மாடியில் அது இல்லாத வீடு குறைவு. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் என்னிடம் ஆறு தொட்டி உண்டு. அடி எவ்வளவு பருத்திருக்கிறது என்று எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் நானும் போட்டி போடுவோம். என் பெரிய செடியின் அடி ஒரு தேங்காய் அளவு. அதற்கே நான் எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன்!

சொகோத்ராவில் லேண்ட் குரூசர் ஒரு மலைத் திருப்பத்தில் திரும்பியது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பாறைச் சரிவு முழுக்க அடினியம். அடிமரம் யானையின் உடம்பு. சாம்பல் நிறத் தோல், முழங்கால் மாதிரி மடிப்பு, பாறை இடுக்கில் ஊற்றிவிட்ட மெழுகு போல வழிந்து, பிதுங்கி, கல்லையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அகலத்தில் சில. அவ்வளவு பெரிய உடம்புக்கு உச்சியில் நாலு குட்டைக் குச்சி, குச்சி நுனியில் என் தொட்டியில் பூக்கிற அதே இளஞ்சிவப்புப் பூ. ஒரு இலை கிடையாது, பூ மட்டும். மார்ச்சில் போனதற்கு இதற்காகவே நான் தலைவிதிக்கு நன்றி சொல்வேன். எங்கே திரும்பினாலும் மலை முழுக்க அந்தப் பூ.

இவ்வளவு ஆடு திரியும் தீவில் இது மட்டும் எப்படித் தப்பித்தது? அரளிக் குடும்பம் அல்லவா, பால் விஷம். ஆடு வாய் வைக்காது. தண்ணீரை உடம்பில் தேக்கிக்கொள்ளத்தான் அந்தப் பருமன். நான் போய் ஒரு மரத்தின் மேல் கன்னத்தை வைத்து நின்றேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மரம் குளுகுளுவென்று இருக்கிறது. மண்பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி.

அடுத்தது வெள்ளரி. வெள்ளரி, பூசணி, சுரை, பாகல், புடல், பீர்க்கு: நம் அடுப்படியில் பாதி இந்தக் குடும்பம்தான். எல்லாம் கொடி. பந்தல் போட்டால் ஏறும், இல்லாவிட்டால் தரையில் ஓடும். உலகத்தில் நூற்றுக்கணக்கான வகை இருக்கும் இந்தக் குடும்பத்தில் மரமாக எழுந்து நின்றது ஒன்றே ஒன்று. அது சொகோத்ராவில் மட்டும் இருக்கிறது. வெண்சாம்பல் நிறத்தில் வீங்கிய அடிமரம், உச்சியில் தொங்கும் கொத்துக் கொத்தான இலை, தலை வாராத பிள்ளை மாதிரி. இலையைத் தொட்டுப் பார்த்தேன். பூசணி இலையின் அதே சொரசொரப்பு! கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் கொல்லைப்புறப் பந்தல். பஞ்ச காலத்தில் இந்த அடிமரத்தை வெட்டித் துண்டு போட்டு ஆடுமாடுகளுக்குத் தீனியாகக் கொடுப்பார்களாம். எங்கள் வழிகாட்டிப் பையன் அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. உயிர் காத்த மரம் என்கிற மரியாதை.

இனி அந்த மரம். எல்லாரும் எதற்காகச் சொகோத்ரா போகிறார்களோ அது.

ஆங்கிலத்தில் அதற்கு டிராகன் ரத்த மரம் என்று பெயர். அரபியில் 'தம் அல் அகவைன்', இரண்டு சகோதரர்களின் ரத்தம். அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியின் ரத்தம் விழுந்த இடத்தில் முளைத்தது என்று கதை. தீவின் நடுவே திக்சம் என்ற மேட்டு நிலம். அதைப் பிளந்துகொண்டு ஆழமான ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் ஃபிர்மிஹின் காடு. உலகத்திலேயே இந்த மரங்கள் காடாக நிற்கும் பெரிய இடம் அதுதான். சாயங்காலம் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆயிரக்கணக்கில் குடைகள். காற்றில் விரிந்து, மேல்பக்கமாக மடங்கிக்கொண்ட குடைகள். சரிவெல்லாம், மேடெல்லாம், வான விளிம்பெல்லாம் குடைகள்.

தூரத்திலிருந்து பார்க்கிற அழகு படத்திலேயே வந்துவிடும். நான் சொல்ல வருவது, கீழே போய் மல்லாந்து படுத்துப் பார்க்கிற அழகை. வழுவழுவென்ற ஒற்றை அடிமரம். தலைக்கு மேல் அது இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் இரண்டிரண்டாக. அவையும் அப்படியே. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்ட மாதிரி, பிரிந்து பிரிந்து, ஒன்றோடொன்று இடிக்காமல், ஒரு வட்டக் கூரையையே நெய்துவிட்டிருக்கிறது. கூரையின் மேல்பக்கத்தில் மட்டும்தான் இலை. தாழை மடல் மாதிரி விறைப்பான இலைகள், நெருக்கமாக. உள்ளே ஒரு கீற்று வெயில் இறங்காது. நாற்பது பேர் பந்தி போடலாம் அந்த நிழலில்.

அந்த உருவத்துக்குக் காரணம் இருக்கிறது. மழை குறைவான மலை அது. ஆனால் மூட்டம் வரும். மூட்டத்திலிருந்து ஈரத்தை இலைகள் சீப்புப் போட்டு வாரி எடுத்துக்கொள்கின்றன. துளி துளியாக இலையின் அடிக்கு இறங்கி, கிளை வழியே, அடிமரம் வழியே வேருக்கு. விழுந்த நீர் காய்ந்துவிடாமல் அதே குடை நிழல் பார்த்துக்கொள்கிறது. தன் குழந்தைக்கும் அந்த நிழலில்தான் இடம்: பெரிய மரத்தின் நிழலில் முளைத்த கன்று பிழைப்பதுதான் எளிது. இருபது வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு மரம் தானே மேகம் பிடித்து, தானே பாய்ச்சி, தானே பந்தல் போட்டு நிற்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

இதுவும் சொந்தம்தான். அலுவலக வரவேற்பறைகளில் தொட்டியில் வைப்பார்களே, ட்ரசீனா, அதே இனம். நம்மூர் வேலியோரத்தில் கத்தி கத்தியாக நிற்கும் மருள் இருக்கிறதே, நார் எடுத்துக் கயிறு திரிப்பார்களே, அதையும் இப்போது இந்த இனத்தோடுதான் சேர்த்துவிட்டார்கள். மருளுக்கு இப்படியொரு பெரியப்பா!

வழிகாட்டிப் பையன் மரத்தின் பட்டையில் ஒரு பழைய காயத்தைக் காட்டினான். அதில் உறைந்திருந்தது ஒரு துளி, சுண்டைக்காய் அளவு, கருஞ்சிவப்பு. நகத்தால் பெயர்த்தான். தட்டைக் கல் ஒன்றில் வைத்துத் தண்ணீர் விட்டு இழைத்தான், ஆயா எனக்கு உரைமருந்து இழைத்த அதே சுழற்சியில். முதலில் செங்கல் நிறத் தூள். பிறகு சட்டென்று ஆரத்தி ஆலம். மணமகனுக்கு வாசலில் சுற்றுகிற அதே சிவப்பு. என் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தான். இரண்டு நாள் கழுவவே மனம் வரவில்லை. காயத்துக்கு, வயிற்றுப்போக்குக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு என்று அதுதான் மருந்தாம். பெண்கள் வனையும் மண்சட்டிகளில் கோலம் போடுவதும் இந்தச் சாயத்தால்தான். அப்படி ஒரு தூபக்காலை வாங்கி வந்தேன், விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் கிழட்டு மரங்கள். குழந்தைகளே இல்லை. முளைப்பதையெல்லாம் ஆடு மேய்ந்துவிடுகிறது. 2015 நவம்பரில் சபாலா, மேக் என்று இரண்டு புயல்கள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்து ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயின. சாய்ந்தவை இன்னும் கிடக்கின்றன, கவிழ்ந்த குடைகளாக. வேலி போட்டு நாற்று வளர்க்கும் ஒரு குடும்பத்தின் தோட்டத்துக்குப் போனோம். முழங்கால் உயரம்கூட இல்லாத கன்றுகள் வரிசையாக. இதற்கு எவ்வளவு வயது என்று கேட்டேன். பதினைந்துக்கு மேல் என்றார் அந்த வீட்டுக்காரர். ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வளரும். அவர் காலத்தில் ஒன்றுகூடக் குடை விரிக்காது. அது தெரிந்தே தினம் விடியற்காலையில் தண்ணீர் ஊற்றுகிறார். நான் அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தீவுக்கு 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கொடுத்தது. 825 தாவர வகைகளில் 37 சதவீதம், ஊர்வனவற்றில் 90 சதவீதம், நில நத்தைகளில் 95 சதவீதம் வேறெங்கும் கிடையாது என்று அதில் கணக்கு. குந்திரிக்க மரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்ட வகை. ஹோம்ஹில் என்ற இடத்தில் ஒரு மரத்தின் பட்டையை லேசாகக் கீறி முகர்ந்தேன். அடுத்த கணம் வேதகிரீஸ்வரர் கோயில் தாழ்வாரத்தில் நின்றேன். கற்றாழையும் அப்படித்தான். ஆயா எனக்குச் சுளுக்கு வந்தால் மூசாம்பரப் பற்றுப் போடுவாள், கரியபோளம் என்பதும் அதுதான், கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கியது. பழைய நாளில் உலகச் சந்தையில் அதற்கு முதல் தரம் என்று பெயர் வாங்கியது சொகோத்ராச் சரக்கு. என் கணுக்காலில் பூசிய கறுப்புப் பற்றுக்கும் இந்தத் தீவுக்கும் ஒரு கடல் வழி இருந்திருக்கிறது.

அந்தக் கடல் வழி எழுத்திலேயே இருக்கிறது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த 'எரித்திரியக் கடல் வழிக்குறிப்பு' இந்தத் தீவைச் சொல்கிறது. மரத்திலிருந்து துளித்துளியாக எடுக்கும் சிவப்பைச் சொல்கிறது. லிமிரிகேயிலிருந்து வரும் கப்பல்கள் எப்போதாவது இங்கே ஒதுங்கி, அரிசியும் கோதுமையும் துணியும் கொடுத்துவிட்டு ஆமை ஓடு வாங்கிப் போகும் என்று சொல்கிறது. லிமிரிகே என்றால் முசிறி இருந்த கரை, சேரர் கரை. கொடுத்த பட்டியலில் அடிமைப் பெண்களும் உண்டு என்று அதே குறிப்பு சொல்கிறது. அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அந்தப் பெண்கள் என்ன மொழி பேசியிருப்பார்கள்? ஃபிர்மிஹின் கூடாரத்தில் ராத்திரி அரிசிச் சோறு கையில் எடுத்தபோதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

வடகிழக்கு மலையில் ஹோக் என்று ஒரு குகை. கடற்கரையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏற்றம், என் முழங்காலுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். உள்ளே நுழைந்ததும் எல்லாம் மறந்துபோகும். தேர் முட்டி உயரத்துக்குச் சுண்ணாம்புத் தூண்கள், மேலிருந்து சொட்டும் தண்ணீர், நம் மூச்சுச் சத்தம் திரும்பி வருகிறது. கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகும் அந்தக் குகையின் ஆழத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பழைய எழுத்துக் கீறல்களை 2001-இல் பெல்ஜியம் நாட்டுக் குகை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் பிராமி. குஜராத் கரையின் பரூச் மாலுமிகள் தங்கள் பெயரையும் தகப்பன் பெயரையும் சேற்றிலும் பாறையிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். தென் அரபியம், கிரேக்கம், எத்தியோப்பியம் எல்லாம் உண்டு. கி.பி. 258-ஆம் ஆண்டு தேதியிட்ட மரப்பலகை ஒன்றும் கிடைத்தது, சிரியாவின் பல்மைரா நகரத்து ஆள் வைத்தது. எங்களை அவ்வளவு உள்ளே அழைத்துப் போகவில்லை. பரவாயில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி அந்த இருட்டில் ஐந்து நிமிடம் நின்றேன். நம் பானை ஓடுகளில் கீறிய எழுத்துக்கு உறவான எழுத்து அந்த இருட்டுக்குள் எங்கோ இருக்கிறது. அது போதும் எனக்கு. பிற்காலத்தில் 1542-இல் கோவாவுக்குப் போகிற வழியில் சவேரியாரும் இந்தத் தீவில் இறங்கியிருக்கிறார், பிறகு நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்.

எல்லாரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தீவில் காற்றுதான் ராஜா. அந்த மாதங்களில் கடலில் படகு இறங்காது. விமானத் தளம் வருவதற்கு முன்பெல்லாம் வெளியுலகத் தொடர்பே அறுந்துபோகுமாம். சோமாலியாக் கரையோரம் சீறிக் கிளம்பி, இந்தத் தீவை உரசிக்கொண்டு, அரபிக்கடலைத் தாண்டி, நமக்குத் தென்மேற்குப் பருவமழையாகவும் குற்றாலச் சாரலாகவும் வருகிற அதே காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சும்மா சொல்லிக்கொள்கிறோம். அந்தக் காற்றின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கோடியில் அர்ஹெர் கடற்கரைக்குப் போக வேண்டும். வெள்ளை வெளேரென்ற மணலைக் கடற்கரையிலிருந்து வாரி எடுத்து, செங்குத்தான மலைச் சுவரின் மேல் சாய்த்து வைத்திருக்கிறது காற்று. மலை உயரத்துக்கு மணல். கையும் காலும் ஊன்றித்தான் ஏறினோம். மேலே போய்த் திரும்பினால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை, நடுவே மலையிலிருந்து ஊற்று நீர் ஒன்று ஓடிவந்து கடலில் கலக்கிறது. அந்த நல்ல தண்ணீரில் முகம் கழுவி, நாலடி தள்ளி உப்புத் தண்ணீரில் கால் நனைத்தேன். அன்றைய ராத்திரி மணலிலேயே படுக்கை. நட்சத்திரங்களை நான் வர்ணிக்கப் போவதில்லை. அத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்பதையே சிங்கப்பூர் எனக்கு மறக்கடித்திருந்தது.

மேற்குக் கோடியில் கலன்சியா ஊரை ஒட்டி தெத்வா கடற்கழி. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையும் முழங்கால் ஆழத் தண்ணீரில். திருக்கை மீன் குட்டிகள் காலருகே பாய் விரித்த மாதிரி நழுவிப் போகும். ஒரு மீனவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுக்கும் ஏலமும் போட்ட டீ கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் பேசியது அரபி இல்லை. சொகோத்ரி. தென் அரேபியாவின் பழைய மொழிகளில் ஒன்று, அரபிக்கு ஒன்றுவிட்ட உறவு. காலம் காலமாக எழுத்தே இல்லாமல் வாயிலேயே வாழ்ந்த மொழி. பாட்டும் கவிதையும் அதில் ஏராளமாம். எங்கள் பையன் ஆட்டுக்காரர் ஒருவரோடு பள்ளத்தாக்குக்கு அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கத்திப் பேசியது எனக்குப் பாட்டாகவே கேட்டது.

வசதி எதிர்பார்த்துப் போகாதீர்கள். தலைநகர் ஹதீபுவில் சில விடுதிகள் உண்டு, ஊர் தூசியும் ஆடும் நெகிழிப் பையுமாகத்தான் இருக்கும். மற்றபடி எல்லா ராத்திரியும் கூடாரம். குளிக்க ஓடை. சாப்பாடு மூன்று வேளையும் மீன், சோறு, ஆட்டுக்கறி, ரொட்டி. கைப்பேசியில் சிக்னல் வந்தால் அதிசயம். இதையெல்லாம் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் தினம் மதியம் அவை வந்தன. எந்த இடத்தில் அடுப்பு மூட்டினாலும் சரி, புகை எழும்பிப் பத்து நிமிடத்துக்குள் வானத்தில் ஒரு வட்டம். பிறகு இரண்டு. பிறகு பாறைக்குப் பாறை இறங்கி, காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இளம் பறவைகள் கரும்பழுப்பு நிறம், வளர வளரத்தான் வெள்ளை வரும். உலகத்தில் மஞ்சள்முகப் பாறு இவ்வளவு நெருக்கமாக வாழும் இடம் வேறு இல்லை. ஊர்க்காரர்கள் கல்லெடுத்து ஒன்றை விரட்டி நான் பார்க்கவில்லை. ஊரின் மட்கும் கழிவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இவைதான் தின்று சுத்தம் செய்கின்றன என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு அவை காக்கா மாதிரி. நான் ஏன் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். மலை, படி, பொங்கல், ஆயா எல்லாம். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் சட்டியிலிருந்த சோற்றை வழித்து என் கையில் கொடுத்தான். கடைசி நாள் மதியம் நானே போய் ஒரு தட்டைப் பாறையைத் தேடி, துடைத்து, சோற்றை வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றேன். கணவர் காணொளி எடுத்தார்.

அபுதாபி திரும்பியதும் அந்தக் காணொளியை அம்மாவுக்கு அனுப்பினேன். எண்பது வயது. மலைக்கு ஏறிப் பல வருடமாகிறது. அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"ரெண்டும் வந்துச்சா?"

"ரெண்டா? பதினேழும்மா. எண்ணிப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என்னா வெச்ச?"

"மீன் சோறுதாம்மா இருந்துச்சு."

"பாவம், எத்தினி வருசமாச்சோ அதுங்க இனிப்பு தின்னு" என்றாள் அம்மா. "அடுத்த தபா போறப்ப வெல்லம் எடுத்துக்கினு போ."